அறத்தை அளக்க எந்தப் படி?

நெல்லை அளக்க மரக்கால் இருந்தது, பாலை அளக்க உழக்கு இருந்தது. மனிதருடைய நல்லது கெட்டதை அளக்கவும் ஒரு படி செய்துவிடலாம் என்று சென்ற நூற்றாண்டில் உளவியல் பேராசிரியர்கள் சிலர் முனைந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு அவ்வப்போது இதைப் பற்றிப் படித்து வருகிறேன். சுவாரஸ்யமான வரலாறு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் லாரன்ஸ் கோல்பெர்க். 1958-இல் சிகாகோவில் முனைவர் பட்டத்துக்காக 72 சிறுவர்களுக்குச் சில கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டார். அதில் பிரபலமானது ஹைன்ஸ் கதை. மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறாள். மருந்து செய்ய 200 டாலர்தான் செலவு. கடைக்காரரோ 2000 கேட்கிறார். அலைந்து திரிந்து ஹைன்ஸ் சேர்த்தது 1000. கடைக்காரர் இரங்கவில்லை. கடையை உடைத்து மருந்தைத் திருடுகிறான். சரியா?

சரி, தவறு என்ற பதில் கோல்பெர்குக்கு முக்கியமில்லை. சொல்லும் காரணம்தான் முக்கியம். அதை வைத்து ஆறு படிகள் வகுத்தார். அடிப்படியில் தண்டனைக்குப் பயப்படுபவர். உச்சிப்படியில் எல்லோருக்கும் பொதுவான நீதியைத் தானே யோசித்து அதில் நிற்பவர்.

தைவான் கிராமத்தில் மருந்துக்குப் பதில் உணவு என்று கதையை மாற்றிக் கேட்டார்கள். "திருடலாம்; அவள் செத்துப்போனால் ஈமச்சடங்குக்கு நிறையச் செலவாகுமே" என்ற பொருளில் சிறுவர்கள் சொன்னார்களாம். அட்டயால் பழங்குடிச் சிறுவர்களோ, மனைவி போய்விட்டால் சமைத்துப் போட யார் என்றார்களாம். காரணம் வேறு, படி ஒன்றுதான் என்று கோல்பெர்க் கணக்கெழுதினார்.

1985-இல் ஜான் ஸ்னேரி என்பவர் 27 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். கீழ்ப்படிகள் எங்கும் இருந்தன. மேல்படிகளோ நகரத்து நடுத்தர வர்க்கத்தாரிடம் தென்பட்டன. பாரம்பரியக் கிராமத்தாரிடம் இல்லை. அப்படியானால் கிராமத்துப் பெரியவர்களுக்கு அறம் எட்டவில்லையா, அல்லது படியே ஒரு தெருவாருக்காகச் செய்ததா? ஸ்னேரியே இரண்டாவது சந்தேகத்தை எழுப்பினார்.

இதை நம் நாட்டிலேயே சோதித்தவர் ரிச்சர்ட் ஷ்வீடர். மகாபாத்ரா, ஜோன் மில்லர் இருவரோடு சேர்ந்து புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் 39 செயல்களைப் பற்றிக் கேட்டு, 1987-இல் வெளியிட்டார். தந்தை இறந்த மறுநாளே மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்கிறான். புவனேஸ்வரத்துப் பிராமணக் குழந்தைகளுக்கு அதுதான் பெரும் குற்றம். சிகாகோக் குழந்தைகளுக்கு அதில் குற்றமே தெரியவில்லை. தீட்டு, கவிச்சி என்று கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கம் வேண்டாம். வாக்குத் தவறுவது, வாயில்லா ஜீவனை உதைப்பது இரண்டையும் இரு ஊரும் தவறு என்றன.

உடனே "நம் வழக்கமே உயர்ந்தது" என்று மீசையை முறுக்கவும் முடியாது. சொல்லாமல் சினிமாவுக்குப் போன மனைவியைக் கணவன் அடிப்பது சரி என்று அங்கே பலர் சொன்னதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. வழக்கத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதற்குத் தலையாட்டுவது வேறு.

ஷ்வீடரின் வழியில் வந்தவர் ஜோனதன் ஹைட். 1993-இல் புவனேஸ்வரத்தில் மூன்று மாதம் தங்கினார். பின்னர் நண்பர்களோடு சேர்ந்து இரக்கம், நியாயம், விசுவாசம், அதிகாரத்துக்கு மரியாதை, தூய்மை என்ற ஐந்து தலைப்பில் கேள்வித்தாள் உருவாக்கினார். 0 முதல் 5 வரை மதிப்பெண். ஒருவரை நல்லவரா என்று தீர்மானிக்க, அவர் கணக்கில் கெட்டிக்காரரா என்பதைப் பார்ப்பீர்களா என்று அதில் ஒரு கேள்வி. கவனமில்லாமல் டிக் அடிப்பவரைப் பிடிக்க வைத்த பொறி அது. எங்கள் கணக்கு வாத்தியார் அதற்கு நிச்சயம் 5 போட்டிருப்பார், முழுக் கவனத்தோடு!

பணிக்காலத்தில் நானும் படிவங்களோடு வீடு வீடாக ஏறியிறங்கியவன். திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருந்தால் மருமகளின் பதில் ஒன்று. அவர் உள்ளே போனதும் பதில் வேறு. கட்டத்துக்குள் விழுவது அந்த நேரத்துப் பதில்தான்.

அதற்காகக் கேள்வித்தாளே வீண் என்று சொல்லமாட்டேன். அந்த 39 கேள்விகள் இல்லாவிட்டால், ஆறு படிகளே உலகத்துக்கெல்லாம் போதும் என்று நம்பியிருப்பார்கள். 2023-இல் ஹைட் குழுவினர் நியாயத்தையே இரண்டாகப் பிரித்தார்கள்: எல்லோருக்கும் சமம் என்பது ஒன்று, உழைப்புக்கேற்ற பங்கு என்பது மற்றொன்று. பல நாட்டு மக்களிடம் கேட்கக் கேட்க, அளக்கும் படியும் மாறிக்கொண்டே வருகிறது.

பேரப்பிள்ளைகளிடம் அந்த மூத்த மகன் கதையைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் பதில் சிகாகோ பக்கமா, புவனேஸ்வரம் பக்கமா என்று எனக்கும் எழுதுங்கள்.