லயமும் சட்டமும்: ஊவாத் தோட்டங்களில் குடியிருப்புரிமை

தெமோதரை என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது புகையிரதப் பாதையின் வளையமே. 1924இல் பதுளையை எட்டிய அப்பாதை, இங்கே குன்றைச் சுற்றி இறங்கித் தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துட் புகுந்து செல்கின்றது. அவ்விந்தையைக் காணவருவோரின் கண், பாதையோரத் தேயிலைச் சரிவுகளில் நீண்டு கிடக்கும் லயங்களிற் பெரும்பாலும் தங்குவதில்லை. பொறியியல் விந்தை வளையமாயின், சட்ட விந்தை லயமாகும். தலைமுறை தலைமுறையாக ஒரு காம்பராவிற் பிறந்து, அங்கேயே மணமுடித்து, அங்கேயே மடிந்த குடும்பத்தினர் சட்டத்தின் பார்வையில் அதற்கு உடைமையாளருமல்லர், வாடகைக் குடிகளுமல்லர்.

இதற்குக் காரணம் எளிது. தொழிலாளியிடம் தோட்டம் வாடகை பெறவில்லை. வாடகை இல்லாதவிடத்து வாடகைக் குடியிருப்பும் இல்லை. வேலையின் பொருட்டுத் துரை அளித்த அனுமதியே அவனுடைய இருப்பின் ஆதாரம்; வேலை நின்றால் அனுமதியும் நின்றுவிடும். மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமே 1865ஆம், 1889ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் கட்டளைச்சட்டங்கள் வகுத்த முறையாகும். ஆகவே நூறாண்டு வாழ்ந்த குடும்பமும் சட்டப்படி ஒரு மாதத்துக் குடும்பமே. ‘பத்துச்சீட்டு’ என்ற சொல் மலையகத்தில் எழுப்பிய அச்சத்தை இதைக்கொண்டே விளங்கிக்கொள்ளல் வேண்டும். அச்சீட்டுப் பறித்தது கூலியை மட்டுமன்று. கூரையையும் அடுப்பையும் பிள்ளைகள் விளையாடிய இஸ்தோப்பையும் சேர்த்தே பறித்தது. வீட்டை இழக்க அஞ்சுபவன் கூலியுயர்வு கேட்கத் துணிவது அரிது. இலவசம் எனப்பட்ட காம்பராவுக்குத் தொழிலாளி கொடுத்த வாடகை இதுவே எனலாம்.

நில உடைமையாளருக்குப் பொறுப்பே விதிக்கப்படவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் லயங்களையும் அவற்றின் சுற்றாடலையும் சுகாதார நிலையிற் பேணும் கடமையை அத்தியட்சகர்மேற் சுமத்தியது. ஆயினும் அது நோயைப் பற்றிய சட்டம். லயம் துப்புரவாயிருத்தல் வேண்டும் என்று கூறிய சட்டம், அதில் வாழ்பவன் அங்கே நிலைத்திருக்கலாம் என்று கூறவில்லை.

குடியிருப்போன் யார் என்ற வினாவை நீதிமன்றின் முன் நிறுத்தியது கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர்த் தோட்டமாகும். 1946இல் கிராம விஸ்தரிப்பின் பொருட்டு அரசாங்கம் அத்தோட்டத்தைப் பெற்றது. தொழிலாளர் லயங்களை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர்; அவர்கள் மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாகப் பிற தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவிற்று. வெளியேறாதோர்மீது சுமத்தப்பட்ட குற்றம் யாது? தண்டனைச் சட்டக்கோவையின்படி அத்துமீறல்! சொந்த அடுப்பின் முன் அமர்ந்திருந்தவன் அத்துமீறியவனானான்.

அவ்வாறு தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. ‘செல்வநாயகம் எதிர் மன்னர்’ என வழங்கும் அவ்வழக்கின் செல்வநாயகம் அரசியல் தலைவரல்லர். ஒரு தோட்டத் தொழிலாளி. 1950இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சார்பாயிற்று. ஒருவன் தனக்கு உரிமையுண்டு என மெய்யாக நம்பி ஓரிடத்திற் புகின், அந்நம்பிக்கை சட்டத்தில் எத்துணை வலுவற்றதாயினும், பிறர்க்குத் தொல்லை விளையும் என்று அவன் அறிந்திருந்தமை மட்டும் அவனைக் குற்றவாளியாக்காது. தொல்லை செய்தலே அவனது தலையாய நோக்கமென நிறுவப்படல் வேண்டும் எனக் கழகம் கூறிற்று. இருப்பு என்பது நிகழ்வுபற்றியது, உடைமை என்ற சட்டக் கருத்தினின்றும் வேறுபட்டது என்றும் அத்தீர்ப்பு உணர்த்தியது. காம்பராவில் இருந்தவர் தொழிலாளியே, அத்தியட்சகரல்லர்.

இத்தீர்ப்பின் பயனை மிகைப்படுத்தலாகாது. தொழிலாளி குற்றவாளியல்லன் என்றதேயன்றி, வீடு அவனுக்கு உரியது என்று அது கூறவில்லை. குடியியல் வழக்கு வாயிலாக அவனை வெளியேற்றும் வழி திறந்தே கிடந்தது. அத்துடன், தீர்ப்பு வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. நாடே இல்லை எனப்பட்டவன் வீட்டுரிமையை எவ்வாறு கோருவான்?

அயலிலுள்ளோரின் நிலையோடு ஒப்புநோக்கின் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். ஊவாவின் பள்ளத்தாக்குகளிலே பிறர் வயலை ‘அந்தே’ முறையிற் செய்த சிங்கள உழவனுக்கு 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நிலையான, வழிவழி வரத்தக்க பயிர்செய்கை உரிமையை வழங்கிற்று. நிலவுடைமையாளர் பலர் அதனைத் தட்டிக்கழித்தனர் என்பது உண்மையே. எனினும் உரிமை ஏட்டிலேனும் இருந்தது. பதுளை நகரில் வாடகைக்கிருந்தவனுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் காவலாயின. வயலில் ஒருவனும் நகரில் ஒருவனும் காப்புப் பெற, இடையே மலைச்சரிவில் நின்றவன் இரண்டிலும் அடங்காதவனானான். அவனுக்கெனத் தனியே வந்தது 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புகள் விசேட ஏற்பாடுகள் சட்டமாகும். வேலை முடிவுற்றபோதும் நீதிமன்றக் கட்டளையின்றி அவனை வெளியேற்றலாகாது என்பதே அதன் சாரம். பத்துச்சீட்டின் கூர்மை இதனால் ஓரளவு மழுங்கியது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் எழுதப்பட்டது. இம்மாற்றங்களால் நிலத்துக்கு உடைமையாளர் அரசு, குத்தகையாளர் கம்பனி என்றானது. குத்தகைப் பத்திரத்தின் இரு தரப்பிலும் லயத்தில் வாழ்பவனின் பெயர் இல்லை.

இவ்வின்மை வெறும் ஏட்டுக் குறையன்று என்பதை அதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டம் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காட்டியது. காலையிற் சரிந்த மலை லயங்களை மக்களோடு மூடிற்று. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்களை அப்புறப்படுத்தும் கடமை யாருடையது? நிலம் அரசினுடையது, முகாமை கம்பனியினுடையது, வீடு கட்டிக்கொள்ள வேறு நிலமோ, இருக்கும் காம்பராவை விற்கும் உரிமையோ குடியிருந்தோர்க்கு இல்லை. நிலவுரிமையுள்ள கிராமத்தான் ஒருவன் அஞ்சி இடம்பெயர எண்ணினால் தன் காணியைக் கொண்டேனும் வழிதேடுவான். லயத்தில் வாழ்ந்தவன் பிறர் காட்டும் இடத்துக்காகக் காத்திருந்தான்.

அண்மைக் காலத்தில் தோட்டக் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் உறுதிப் பத்திரத்தோடு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2018இல் மலையகப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஏழு பேர்ச் என்பது கோப்பிக் காலந்தொட்டு இம்மலைகளைத் திருத்திய மக்களுக்குச் சிறிய அளவே. ஆயினும் அப்பத்திரத்தில் எழுதப்படும் பெயர் துரையினதுமன்று, கம்பனியினதுமன்று, குடியிருப்போரின் பெயர்.