வரைபடத்துக்கு முந்தைய கேள்வி: ஹேவ்லாக்கில் வீடு, பள்ளி, மக்கள் கருத்து

துறைமுகம் அமைக்க வேண்டுமானால் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். குடியிருப்பு கட்டக் கேட்க வேண்டியதில்லை. 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடங்களையும் நகரியங்களையும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கேடு எவ்வளவு பெரிது என்று அளந்து, அதற்கேற்பக் காதுகொடுக்கும் முறை இது. யாருக்கு எது தெரியும் என்ற கேள்வி அதில் இல்லை. துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி ஊராருக்குச் சொல்ல அதிகம் இல்லாமற் போகலாம். வீட்டு மனையும் பள்ளி மனையும் அப்படியல்ல.

அந்தமான் நிக்கோபாரின் ஹேவ்லாக் தீவை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பர் 30 முதல் அதன் அரசுப் பெயர் சுவராஜ் தீவு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை 1950களில் அரசு இங்கே குடியமர்த்தி, காடு திருத்திய நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது. கோவிந்த நகர், விஜய நகர், சியாம் நகர், கிருஷ்ணா நகர், ராதா நகர் எனக் கிராமங்கள் எழுந்தன. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சம். கோடையில் எந்த ஓடை முதலில் வற்றும், மழையில் எந்தத் தாழ்வில் நீர் தேங்கும் என்பது மூன்று தலைமுறைகளாக இவர்கள் அறிந்தது.

சட்டத்தின் அளவுகோல் இத்தீவை எப்படிப் பார்க்கிறது? கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுவதே 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான். வீட்டுக்கு 60 சதுர மீட்டர் எனக் கொண்டால், நூறு வீடுகள் சேர்ந்தும் 6,000. வரம்பில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது தொடாது. சென்னைப் புறநகரில் நூறு வீடு ஒரு தெரு. ஹேவ்லாக்கில் அது புதியதொரு கிராமம். இரண்டுக்கும் ஒரே வரம்பு வைத்ததில் கணக்குப் பிழை எதுவும் இல்லை, புவியியல் பிழைதான் இருக்கிறது. கடலோரப் பாதுகாப்பும் தளர்ந்திருக்கிறது: 2011 அறிவிக்கையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பகுதி, ஹேவ்லாக் சேர்ந்த இரண்டாம் தொகுதித் தீவுகளுக்கு 2019இல் 50 மீட்டராகச் சுருங்கியது.

பள்ளியின் கதை இன்னும் விசித்திரம். தொழிற்கூடம், பள்ளி, கல்லூரி, விடுதி ஆகியவற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து அளித்த விலக்கை 2025 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதனால் மீண்டது நிபுணர் பரிசீலனை. ஊராரின் கருத்துக்கேட்பு அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோருக்குத் தருகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டும் பொறுப்பையும் தருகிறது. அந்தக் குழு பிறக்கும்போது சுவர் எழும்பியிருக்கும், பிள்ளைகள் நடக்கும் தூரம் முடிவாகியிருக்கும். நிலம் கையகப்படுத்தினால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடும் விசாரணையும் வரும். அரசு தன் நிலத்திலேயே கட்டினால் அந்த வாசலும் மூடியதே. சட்டமன்றம் இல்லாத ஒன்றியப் பகுதியில், மீதி இருப்பது 1994ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தந்த பஞ்சாயத்து மட்டும்.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இதே தீவுக்கூட்டத்தில் 9,797 நிரந்தர வீடுகள் திட்டமிடப்பட்டன. கார் நிக்கோபாரில் ‘துஹெத்’ என்னும் கூட்டுக்குடும்பத்துக்கே நிலமும் தோட்டமும் பொது. அரசு வீடோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கணக்கில் வந்தது. கூரை கிடைத்தது, குடும்பம் துண்டாயிற்று.

கேட்டாலே போதும் என்றும் நான் வாதிடவில்லை. பெரிய நிக்கோபார் திட்டத்தில் துறைமுகமும் இருந்ததால் 2022 ஜனவரி 27 அன்று கேம்ப்பெல் பேயில் கருத்துக்கேட்பு நடந்தது. 166.10 சதுர கிலோமீட்டர் திட்டத்தில் 149.60 நகரியத்துக்கு என்பது அதற்குள் வரைபடத்தில் ஏறிவிட்டது. அப்பகுதிப் பழங்குடி மன்றம் திட்டத்துக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் கொடுத்த இசைவை நவம்பரில் திரும்பப் பெற்றது. பேரலைக்கு முன் தாங்கள் வாழ்ந்த ஊர்கள் திட்டத்துக்குள் வருவது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பது அதன் முறையீடு. மதிப்பீட்டின் சுருக்கம் மட்டும் வட்டார மொழியில் இருந்தால் போதும் என்கிற விதியில் இது எதிர்பார்க்கத்தக்கதே.

ஆகவே கேள்வி காலத்தைப் பற்றியது. மனையைத் தேர்வதற்கு முன், இரண்டு மூன்று இடங்களை முன்வைத்து, கிராம சபை பொறியாளரோடு அந்த இடங்களை நடந்து பார்க்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழையில் ஒருமுறை. நீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்பதற்கான விடை எழுத்தில் பதிவாக வேண்டும். தாமதமாகும் என்பார்கள். மணல் அகழ்வுக்கு 2002இலேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்ட, கட்டுமானப் பொருள் பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கும் தீவுகளில் தவறான மனைமேல் கட்டிய சுவரை இடித்துக் கட்டுவதற்கு ஆகும் தாமதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

என் யோசனையிலும் ஓர் ஓட்டை உண்டு. கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களின் சபை. விடுதிகளிலும் படகுகளிலும் வேலை பார்க்கத் பெருநிலப்பகுதியிலிருந்து வந்து வாடகை அறையில் தங்குபவர்களில் பலர் அதில் இல்லை. நிலம் உடையவர் சபையில் பேசுவார். அந்த நூறு வீடுகள் உண்மையில் யாருக்குத் தேவையோ, பள்ளியில் யாருடைய பிள்ளைக்கு இடம் வேண்டுமோ, அவர் அன்று மாலை படகுத்துறையில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பார்.