நுகர்வோர் கூட்டுறவும் மருத்துவச் செலவும்: எல்க் சிட்டி முதல் சியாட்டில் வரை

முன்னுரை

அரிசி வாங்கச் செல்பவர் ஒரு கடையில் விலை மிகுதியெனில் அடுத்த கடைக்குச் செல்வார். நோயுற்றவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. தமக்கு என்ன மருத்துவம் தேவை என்பதை அவர் அறியார்; அதனை விற்பவரே தேவையையும் முடிவு செய்கிறார். எனவே மருத்துவச் சந்தையில் தனி நுகர்வோரின் பேரம் பேசும் ஆற்றல் மிகக் குறைவு. நுகர்வோர் பலர் தம் வாங்கும் ஆற்றலை ஒன்றுதிரட்டினால் இந்நிலை மாறுமா என்னும் வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மருத்துவக் கூட்டுறவுகள் செயல்முறையில் விடைகாண முயன்றன. அம்முயற்சி எதனைச் சாதித்தது, எங்கே தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உழவர் மருத்துவமனை

இவ்வியக்கத்தின் முன்னோடி மைக்கேல் ஷடீட் (1882–1966) ஆவார். இன்றைய லெபனானில் பிறந்து, 1898-இல் அமெரிக்காவில் குடியேறி, ஊரூராகச் சென்று நகை விற்றுப் பொருளீட்டிய அவர், செயிண்ட் லூயிஸ் நகரில் மருத்துவம் பயின்று 1907-இல் பட்டம் பெற்றார். ஒக்லஹோமா மாநிலத்தின் பருத்தி விளையும் மேற்குப் பகுதியில் பணியாற்றியபோது, ஓர் அறுவைச் சிகிச்சைக்காக உழவர் நிலத்தை அடகு வைப்பதையும், தேவையற்ற அறுவைச் சிகிச்சைகள் நிகழ்வதையும் அவர் கண்டார்.

1929-இல் எல்க் சிட்டியில் அவர் முன்வைத்த திட்டம் எளிமையானது. உழவர்கள் தலைக்கு 50 டாலர் பங்குத்தொகை செலுத்தி மருத்துவமனையைத் தாமே கட்டிக்கொள்வர். ஆண்டுச் சந்தா செலுத்தும் குடும்பத்திற்கு அங்கே மருத்துவம் கிடைக்கும். பொருளாதாரப் பெருமந்தத்தில் பருத்தி விலை வீழ்ந்து பலரால் தவணை செலுத்த இயலாத நிலையிலும், மருத்துவமனை 1931-இல் திறக்கப்பெற்றது. பின்னர் ஒக்லஹோமா உழவர் சங்கம் அதற்குத் துணைநின்றது.

இதற்கு எழுந்த எதிர்ப்பு நோக்கத்தக்கது. ஷடீட் உறுப்பினராக இருந்த வட்டார மருத்துவர் சங்கம், அவரை நேரடியாக நீக்காமல் தன்னையே கலைத்துக்கொண்டு, சில மாதங்களுக்குப் பின் அவர் இல்லாமல் மீண்டும் அமைந்தது. அவரது உரிமத்தைப் பறிக்கவும் முயற்சி நடந்தது. உழவர்களின் உறுதியான ஆதரவால் அது கைகூடவில்லை.

நீதிமன்றங்களின் பங்கு

இது ஓர் ஊர்ப் பூசல் மட்டுமன்று. மருத்துவச் செலவு குறித்த ஆய்வுக் குழு 1932-இல் வெளியிட்ட அறிக்கையில், மருத்துவர்கள் குழுவாகப் பணியாற்றுவதையும் மக்கள் குழுவாக முன்கூட்டியே பணம் செலுத்துவதையும் பெரும்பான்மையோர் பரிந்துரைத்தனர். அமெரிக்க மருத்துவர் சங்கம் அதனைக் கடுமையாகச் சாடியது. 1937-இல் வாஷிங்டன் நகரில் அரசு ஊழியர்கள் தொடங்கிய குழு நலச் சங்கத்தின் மருத்துவர்களுக்கு, நகர மருத்துவமனைகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. மருத்துவர் சங்கம் வணிகத் தடைக் குற்றம் புரிந்தது என்ற தீர்ப்பை 1943-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயினும் நுகர்வோர் நடத்தும் மருத்துவத் திட்டங்களைத் தடுக்கும் சட்டங்கள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இயற்றப்பெற்றன.

சியாட்டில் நகரில் ஷடீட் 1945-இல் ஆற்றிய உரை அங்கே ஒரு சங்கம் உருவாகத் தூண்டுகோலாயிற்று. உழவர் அமைப்பினரும், போயிங் தொழிற்சங்கத்தினரும், கூட்டுறவுக் கடை உறுப்பினரும் இணைந்து பியூஜெட் சவுண்ட் குழு நலக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். சுமார் 400 குடும்பங்கள் தலா 100 டாலர் முதலீடு செய்தன. இயங்கிவந்த ஒரு மருந்தகமும் மருத்துவமனையும் விலைக்கு வாங்கப்பட்டு, 1947 சனவரியில் பணி தொடங்கிற்று. இங்கும் மருத்துவர் சங்கம் புறக்கணித்தது. அதற்கெதிராக 1951-இல் மாநில உச்ச நீதிமன்றம் கூட்டுறவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

செலவு குறைந்தது எவ்வாறு?

கூட்டுறவின் சிக்கனம் மொத்தமாக வாங்கிப் பெற்ற தள்ளுபடியால் மட்டும் விளைந்ததென்று கருதுவது பொருந்தாது. மருத்துவருக்குச் செய்யும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிக் கட்டணம் இருந்தால், சிகிச்சை பெருகப் பெருக வருவாயும் பெருகும். சந்தாவாக முன்கூட்டியே தொகை பெற்று, மருத்துவருக்கு ஊதியம் வழங்கும் முறையிலோ, தேவையற்ற சிகிச்சை நிறுவனத்திற்குச் செலவாக முடியும். பணம் செலுத்தும் முறையை மாற்றியதே கூட்டுறவு செய்த அடிப்படை மாற்றமாகும்.

இதற்குச் சான்று உண்டு. ராண்ட் நிறுவனம் சியாட்டிலில் சிலரைக் குலுக்கல் முறையில் இக்கூட்டுறவிலும், ஏனையோரைத் தனிக் கட்டண முறையிலும் சேர்த்து ஆய்ந்தது. 1984-இல் வெளியான முடிவின்படி, இலவசத் தனிக் கட்டண மருத்துவம் பெற்றோரைவிடக் கூட்டுறவில் இருந்தோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது சுமார் 40 விழுக்காடும், மொத்தச் செலவு சுமார் 25 விழுக்காடும் குறைவு. எனினும் 1986-இல் வெளியான தொடர்முடிவு ஓர் எச்சரிக்கையும் தந்தது. தொடக்கத்திலேயே நோயுற்றிருந்த ஏழைகள் கூட்டுறவில் சிலவகையில் பின்தங்கினர். எவருடைய நலனுக்காக இயக்கம் தோன்றியதோ அவர்களே பயன் குறையப் பெற்றனர் என்பது எளிதில் கடந்துசெல்லத்தக்க முடிவன்று.

உறுப்பினர் ஆட்சியின் தளர்ச்சி

இதே சந்தா முறையைக் கூட்டுறவாக அல்லாத கைசர் பெர்மனென்ட்டே நிறுவனமும் 1945 முதல் பொதுமக்களுக்கு வழங்கியது. அவ்வாறாயின் கூட்டுறவின் தனிப்பயன் யாது? மருத்துவ உலகம் மறுத்த காலத்தில் அம்முறையை மக்களே தொடங்கிவைத்ததும், நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்களிடம் வைத்திருந்ததும் ஆகும். அவ்வுரிமை காலப்போக்கில் தேய்ந்தது. வேலை வழங்குவோர் வாயிலாகச் சேர்ந்த பெரும்பாலோர் தம்மை உரிமையாளராக அல்லாமல் வாடிக்கையாளராகவே கருதினர். பல இலட்சம் பேருள் வாக்குரிமைக்குத் தனியே பதிந்துகொண்டோர் சிறு பகுதியினரே. அவர்கள் 2016-இல் அளித்த இசைவின்படி, 2017 பிப்ரவரியில் சங்கம் 180 கோடி டாலருக்குக் கைசர் பெர்மனென்ட்டேயிடம் சென்றது.

2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசுக் கடனுடன் உருவான 23 காப்புறுதிக் கூட்டுறவுகளின் அனுபவமும் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை 2016 இறுதிக்குள் மூடப்பட்டன. இழப்பீடாக அவை எதிர்பார்த்த தொகையில் 12.6 விழுக்காடே முதல் ஆண்டுக்குக் கிடைத்தது உடனடிக் காரணங்களுள் ஒன்று. எல்க் சிட்டி உழவர்கள் மருத்துவமனையைக் கட்டினர். சியாட்டில் குடும்பங்கள் அதனை விலைக்கு வாங்கின. புதிய சங்கங்கள் பெரும்பாலும் பிறருடைய மருத்துவமனைகளுக்குக் கட்டணம் செலுத்தும் காப்புறுதியாளராகவே நின்றன. உறுப்பினரும் குறைவு, சொந்த மருத்துவரும் இல்லை என்னும்போது பேரம் பேச அவற்றிடம் வலு இருக்கவில்லை.

முடிவுரை

வாங்கும் ஆற்றலைத் திரட்டுதல் என்பது பணத்தைத் திரட்டுதல் மட்டுமன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. செலவு குறைய, மருத்துவருக்குப் பணம் செலுத்தும் முறை மாறவேண்டும். அம்முறையை மாற்றும் வலிமை, மருத்துவமனையைத் தமதாகக் கொண்ட மக்களுக்கு இருந்தது. கிடைத்த சேமிப்பு ஏழை நோயாளிக்குக் கேடாகாமல் காப்பது, கூட்டத்திற்கு வந்து வினாத் தொடுக்கும் உறுப்பினரின் கடமையாகும். முதலிரண்டையும் சியாட்டில் சங்கம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கட்டிக்காத்தது. மூன்றாவது தளர்ந்தபோது, அதனை நிறுவிய குடும்பங்களின் உடைமை ஒரு வாக்கெடுப்பில் கைமாறியது.