ஊர்ப் பூங்காவும் ஓய்வுநாளும்

சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பூங்காவொன்றுக்குச் சென்று, அவசரமின்றி ஒரு பகலைக் கழித்துத் திரும்பும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டு வயதுடையது. சோலைகள் அதற்கு முன்பும் இருந்தன. புகார் நகரின் உவவனத்தை மணிமேகலையும், அரசனுக்குரிய இலவந்திகைச் சோலையைச் சிலப்பதிகாரமும் குறிப்பிடுகின்றன. ஆனால் எல்லாக் குடும்பங்களும் எந்த நாளிலும் நுழைந்து அமரத்தக்க பொது வெளி என்ற பொருளில் அவை பூங்காக்கள் அல்ல. உழவையும் நெசவையும் நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வெளியே செல்லும் நாள் என்பது ஆடிப்பெருக்காகவோ, காணும் பொங்கலாகவோ, உள்ளூர்க் கோயில் உற்சவமாகவோதான் அமைந்தது. 1017ஆம் ஆண்டில் இராமானுசர் பிறந்த தலமாகக் கொண்டாடப்படும் திருப்பெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் சித்திரைத் திருவாதிரை உற்சவமே பென்னலூர் உள்ளிட்ட சுற்றுப்புற ஊர்களின் பிள்ளைகளுக்கு அப்படியொரு நாளைத் தந்துவந்தது.

இவ்வழக்கம் மாறுவதற்குப் பொது நிலம் வேண்டியிருந்தது. 1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியால், இன்றைய சென்ட்ரல் இரயில் நிலையத்தை ஒட்டி 116 ஏக்கர் பரப்பில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கள் பூங்கா உருவாயிற்று. நெரிசல் மிகுந்த கறுப்பர் நகரத்தின் மக்களுக்குக் காற்றும் நிழலும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும். குளங்கள், வண்டிப் பாதைகள், இசைக் குழுவினர் வாசிக்கும் மேடை ஆகியன அதில் அமைக்கப்பட்டன. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் 1855இல் அங்கேயே தொடங்கிய விலங்குக் காட்சி சில ஆண்டுகளில் இப்பூங்காவுக்கு மாற்றப்பட்ட பின்னரே, பிள்ளைகளை முன்னிட்டுக் குடும்பங்கள் புறப்பட்டு வரும் இடமாக அது மாறியது. உயிருள்ள விலங்குகள் இருந்த இப்பூங்காவை ‘உயிர் காலேஜ்’ என்றும், பாடம் செய்த உடல்களைக் காட்சிக்கு வைத்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் சென்னைவாசிகள் வழங்கினர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்களுக்கு இவ்விரண்டும் தவறாத இடங்களாயின.

பூங்காவின் புகழே அதன் நிலத்துக்குப் பகையாயிற்று. கூட்டம் கூடும் இடத்தில் கட்டடம் எழுப்பும் ஆசை ஆட்சியாளர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. 1880களில் விக்டோரியா பொது மண்டபமும், 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டும், 1913இல் ரிப்பன் மாளிகையும், பின்னர் விளையாட்டரங்கமும் பூங்காவின் நிலத்திலும் அதன் ஓரங்களிலும் எழுந்தன. 1886 டிசம்பர் 31 அன்று அங்கு நடந்த சந்தையில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். குடும்பமாகக் களிக்க வந்த பெண்களும் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர் என்பதை நினைக்கையில், கூட்டம் கூடும் இடங்களின் பாதுகாப்பு பற்றிய கவலை சென்னைக்குப் புதியதன்று என்பது விளங்கும். இறுதியில் எஞ்சியது ‘மை லேடீஸ் பூங்கா’ என்னும் சிறு பகுதி மட்டுமே.

பூங்காவுக்கு இணையான மற்றொரு தேவை ஓய்வுநாள். 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆலைகளில் வேலை செய்த ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரையிலான சிறுவர்களுக்கு மாதத்துக்கு நான்கு நாள் விடுமுறை அளித்தது. அந்த வயதுப் பிள்ளைகள் பூங்காவில் ஓடியாட வேண்டிய காலத்தில் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் ஆலையில் நின்றார்கள் என்பதையும் இச்சட்டமே நமக்குத் தெரிவித்துவிடுகிறது. 1891ஆம் ஆண்டின் திருத்தம் தொழிலாளர் அனைவருக்கும் வார விடுமுறையை நீட்டித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்ற வரம்பை வகுத்தது. பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளி தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உயிர் காலேஜுக்குச் செல்ல முடிந்ததற்கு, டிரெவெல்யனின் பூங்காவைப் போலவே இச்சட்டங்களும் காரணமாகும்.

நகரம் விரிந்தபோது பூங்கா குறித்த எண்ணமும் மாறியது. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் வழியே உருவான தியாகராய நகரில், தெருக்களோடு சேர்த்தே பனகல் பூங்கா திட்டமிடப்பட்டது. வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பூங்கா என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது. 1959ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பூங்காக்களின் பட்டியலை ஆயத்தம் செய்ய வேண்டும் என்றும், அந்நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. மக்கள் பூங்காவுக்கு நேர்ந்தது பிற பூங்காக்களுக்கும் நேராமல் தடுக்கும் வழியாக இச்சட்டத்தைக் கருதலாம். 1968இல் உலக வணிகக் கண்காட்சிக்காக எழுந்த கோபுரத்தைச் சுற்றி அண்ணா நகர்ப் பூங்கா அமைந்தது. 1972இல் ராமுலஸ் விட்டேக்கரின் பாம்புப் பண்ணை சேலையூரிலிருந்து கிண்டிக்கு வந்து, சிறுவர் பூங்காவுக்கு அண்டையில் இடம்பெற்றது.

1985ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் திருப்புமுனையாகும். அவ்வாண்டு மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. ஜூலை 24 அன்று வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரில் அமைந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இட நெருக்கடியும் சென்ட்ரல் பகுதியின் புகையும் இரைச்சலும் உயிர் காலேஜை நகருக்கு வெளியே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிவிட்டன. நகரம் இழந்த அந்தப் பூங்கா, அதுவரை ஏரிப்பாசன வயல்களாகவே இருந்த ஒரகடம், படப்பை வட்டாரத்துக்கு அண்டையில் வந்து சேர்ந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து 1996இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும், 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. இவற்றில் வேலைக்கு வந்து பென்னலூர் முதலிய ஊர்களில் குடியமர்ந்த இளங்குடும்பங்களுக்கு, வண்டலூர்–வாலாஜாபாத் சாலை வழியே செல்லத்தக்க பெரும் பூங்காவாக வண்டலூர் அமைந்தது.

அங்குச் செல்லும் நாளைத் திட்டமிடுவதில் ஆலையின் மணிக்கணக்கு குறுக்கிடுகிறது. மிதவைக் கண்ணாடி உலை போன்றவை ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரிய வேண்டியவையாதலால், அங்குப் பணியாற்றுவோரின் ‘வீக் ஆஃப்’ எனப்படும் வார விடுப்பு ஞாயிறன்றுதான் வரும் என்பதில்லை. அது செவ்வாயன்று வந்துவிட்டால் வண்டலூர்ப் பூங்காவுக்கும் அன்றுதான் விடுமுறை. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் உறங்கி எழுவதற்குள் பிள்ளைகளுக்கு நண்பகலாகிவிடும். கட்டுச்சோறு, அதாவது வெளியே எடுத்துச் செல்வதற்கென்று கட்டப்படும் உணவு, இன்றும் பெரிதும் மாறாதது: நல்லெண்ணெய் மிதக்கக் கிளறிய புளியோதரையும், காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றிச் சிறிதளவு தயிர் மட்டும் கலந்து பிசைந்த தயிர்சாதமும்தான். காலையில் பால்சோறாகத் தோன்றும் பின்னது வழியிலேயே உறைந்து, உண்ணும் வேளையில் புளிப்பில்லாத தயிர்சாதமாகிவிடுவதால், பிள்ளைகளின் வயிற்றுக்கு ஏற்றதென்று பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கின்றனர்.

ஆயினும் வண்டலூரின் பரப்பு மூன்று வயதுப் பிள்ளையின் காலுக்கு ஏற்றதன்று. பேட்டரி வண்டி இருந்தபோதிலும், எல்லாக் கூண்டுகளையும் பார்த்துவிடத் துடிக்கும் பெற்றோரும் பாதி வழியில் களைத்து அழும் பிள்ளையுமாக அந்நாள் முடிந்துவிடக்கூடும். நாலைந்து விலங்குகளோடு நிறுத்திக்கொண்டு நிழலில் உட்காருவோரே உண்மையில் இளைப்பாறித் திரும்புகின்றனர். இவ்வகையில் 22 ஏக்கர் அளவே கொண்ட கிண்டி சிறுவர் பூங்கா சிறியோருக்கு மிக உகந்தது. தாம்பரம் அருகே எழுந்த கிஷ்கிந்தா போன்ற கேளிக்கைப் பூங்காக்கள் தனியாரின் வணிக முயற்சிகள். பொதுப் பூங்காவின் வரலாற்றில் அவற்றைச் சேர்ப்பது பொருந்தாது.

ஆண்டுக்கு ஓரிரு முறை செல்லும் பெரும் பூங்கா, நாள்தோறும் மாலையில் நடந்து செல்லும் சிறு பூங்காவுக்கு ஈடாகாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு. தியாகராய நகர் தெருக்களோடு பூங்காவையும் பெற்றது. திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளைச் சுற்றி எழுந்த தொழில் வழித்தடமோ மனைப்பிரிவு மனைப்பிரிவாக வளர்ந்தது. ஆனால் சட்டம் இங்கும் இடம் விட்டிருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ஒவ்வொன்றிலும் சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டை ஓ.எஸ்.ஆர். என வழங்கும் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. பென்னலூர் வட்டாரத்து மனைகளின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடங்களில் ‘பூங்கா’ என்று குறிக்கப்பட்டுள்ள அந்நிலங்களை உள்ளாட்சி அமைப்புகள் கண்டறிந்து, முள்ளை அகற்றி, வேம்பும் புங்கனும் நட்டு, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஏற்ற வேண்டும். மனை வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் தன் வரைபடத்தை எடுத்துப் பார்த்து அதைக் கேட்டுப் பெற வேண்டும்.