பவுன் எத்தனை வெள்ளி?

மலேசியாவின் ஜெஞ்சாரோமில் கல்யாணத்துக்கு நாள் குறித்ததுமே வீட்டுப் பெண்கள் கேட்பது இது: "பவுன் இன்னிக்கு எத்தனை வெள்ளி?" தங்கத்தின் விலையை வெள்ளியில் கேட்பது வெளியூர்த் தமிழருக்கு விளங்காது. பவுன், வெள்ளி இரண்டுமே உருவம் பொறித்த பழைய நாணயங்கள் விட்டுப்போன பெயர்கள்.

பவுன் என்பது பிரிட்டனின் ஒரு பவுண்டு பொற்காசு. ஆங்கிலேயர் அதற்கு இட்ட 'சாவரின்' என்ற பெயர் தமிழ்நாட்டில் சவரன் ஆயிற்று. எடை 7.988 கிராம், நாம் 8 என்று முழுசாக்கிக்கொண்டோம். அதில் 24 பங்குக்கு 22 பங்கு தங்கம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா நகைக்கடைகளில் தேடிப் பார்க்கிறோமே, அந்த 916 முத்திரையும் இதே கணக்குதான்.

1817-இல் அந்தக் காசுக்கு உருவம் செதுக்கியவர் ரோமில் பிறந்த பெனெடெட்டோ பிஸ்ட்ருச்சி. மணிக்கற்களில் உருவம் வெட்டிப் பழகிய கை. நாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜைப் பழங்கிரேக்க வீரனாகவே அவர் வடித்தார்: தலைக்கவசம், தோளில் பறக்கும் துணி, மற்றபடி வெற்றுடம்பு. மறுபக்கம் ஆள்பவரின் தலை. அந்தக் காசுகளுக்கு வளையம் பற்றவைத்துக் கோத்தால் காசுமாலை. கிரேக்கச் சாயல் கொண்ட அந்தக் குதிரை வீரன் தமிழ்ப் பெண்ணின் மார்பில் வந்து தங்கியது இப்படித்தான். எனக்கு இது பெரிய வியப்பு. இன்றைய காசுமாலைகளில் பெரும்பாலும் லட்சுமி அமர்ந்துவிட்டாள்.

வெள்ளியின் கதை வேறு. 1895 முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்து இந்தப் பக்கம் அனுப்பிய டாலரில் சூலமும் கேடயமும் ஏந்திப் பிரிட்டானியா நின்றாள். பின்புறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி டாலர் வந்தபோது அதில் அரசர் எட்வர்டின் தலை. பின்னால் எல்லாம் தாளாயிற்று. ரிங்கிட் என்றும் ஆயிற்று. நம் வாயில் இன்னும் வெள்ளிதான். வெள்ளிக் கொலுசையும் "எத்தனை வெள்ளி" என்றே கேட்கிறோம்.

1906-இல் 7 பவுனுக்கு 60 வெள்ளி என்று மாற்று விகிதம் நிலைத்தது. ஒரு பவுனுக்கு 8 வெள்ளி 57 காசு. 1920களின் இறுதியில், தோட்டங்கள் பலவற்றில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. இன்று செம்பனை நிற்கும் மண்ணில் அன்று பால்மரம் சீவியவர் மனைவியின் கழுத்துக்கு ஒரே ஒரு பவுன் காசு சேர்க்க, முகமதிப்புக்கே 17 நாளுக்கு மேல் உழைக்கவேண்டும். அதுவும் அரிசிக்கும் பருப்புக்கும் எதுவும் எடுக்காமல்.