அகவணி உயிரணுக்களில் இன்சுலின் சமிக்ஞை

அகவணி உயிரணுக்களில் இன்சுலின் சமிக்ஞை என்பது, குருதியில் வரும் இன்சுலின் என்னும் இயக்குநீரின் செய்தி, குருதிக்குழாய்களின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக அமைந்துள்ள அகவணி உயிரணுக்களுக்குள் படிப்படியாகக் கடத்தப்படும் முறை ஆகும். இன்சுலின், குருதியில் சர்க்கரையைக் குறைக்கும் இயக்குநீராகவே பெரிதும் அறியப்படுகிறது. குருதிக்குழாய்களை விரியச் செய்து, தசைகளுக்குச் செல்லும் குருதியைக் கூட்டுவதும் அதன் பணிகளுள் ஒன்றாகும்.

கடத்தப்படும் முறை

இன்சுலின் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியுடன் இணைகிறது. அப்போது ஏற்பியின் உட்பகுதியில் பாஸ்பேட்டுகள் சேர்கின்றன. இம்மாற்றம் ஐ.ஆர்.எஸ்.-1 என்னும் புரதத்தையும், அது பி.ஐ.3 கைனேசு என்னும் நொதியத்தையும், அதன் வழியாக ஏ.கே.டி. என்னும் நொதியத்தையும் தூண்டுகின்றன. ஏ.கே.டி., நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியத்தின் 1177 ஆம் இடத்திலுள்ள செரைன் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. விழிப்புற்ற அந்நொதியம் ஆர்சினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. இவ்வளிமம் அருகிலுள்ள மென்தசைக்குள் ஊடுருவி அதனைத் தளரச் செய்வதால் குழாய் விரிகிறது.

இரண்டாம் வழி

அதே ஏற்பியிலிருந்து மேப் கைனேசு வழியாகவும் செய்தி செல்கிறது. இவ்வழி, குழாயைச் சுருக்கும் எண்டோதீலின்-1 சுரப்பதைக் கூட்டுகிறது. உடல்நலத்துடன் இருப்போரிடம் இவ்விரு வழிகளும் சமநிலையில் உள்ளன. இன்சுலின் எதிர்ப்பு நிலையில் முதல் வழி நலிவடைகிறது. இரண்டாம் வழி பெரும்பாலும் பாதிப்பின்றித் தொடர்கிறது. ஆகவே விரிய வேண்டிய குழாய் சுருங்க முற்படுகிறது. நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் பலரிடம் சேர்ந்தே காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

கண்டுபிடிப்பு

குருதிக்குழாய் விரிவில் அகவணியின் பங்கை 1980 இல் ராபர்ட் பர்ச்காட் வெளிப்படுத்தினார். அகவணி நீக்கப்பட்ட குழாய்கள் அசிட்டைல்கோலினுக்கு விரியவில்லை. அகவணி வெளியிடும் பொருள் நைட்ரிக் ஆக்சைடே எனப் பின்னர் அறியப்பட்டது. இதற்காக 1998 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பர்ச்காட், லூயிசு இக்னாரோ, பெரிட் முராட் ஆகியோருக்கு வழங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஆய்வு

சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வின் ஒரு பகுதியாக, நீரிழிவு உள்ளோர், இல்லாதோர் ஆகியோரின் கைத்தமனி விரிவு ஒப்பிடப்பட்டது. இதன் முடிவுகள் 2002 இல் வெளியாயின. கையில் பட்டையை இறுக்கிக் குருதியோட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, பின்பு தளர்த்தும்போது தமனி எவ்வளவு விரிகிறது என்பது மீயொலிக் கருவியால் அளக்கப்படுகிறது. இங்கு தூண்டுவது இன்சுலின் அன்று, குருதியோட்டத்தின் உராய்வு. எனினும் முதன்மையாகச் செயல்படுவது நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் அதே நொதியமே. நீரிழிவு உள்ளோரிடம் இவ்விரிவு குறைவாக இருந்தது.