மாதிரிப் புகையிரதக் கழகங்களும் திருகோணமலைப் பாதையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர்ஸ் ஹில் என்று ஆங்கிலேயர் இட்ட பெயராலும் உவர்மலை என்று தமிழ் வழக்காலும் அறியப்படும் மேட்டில் நின்று திருகோணமலையின் உட்துறைமுகத்தை நோக்குவோருக்கு, குன்றும் குடாவும் கப்பல்களும் யாரோ மேசைமீது பரப்பிவைத்த சிற்றுருவங்கள் போலத் தோன்றும். நீர்ப்பரப்பின் அப்பாற் கரையிலுள்ளது சீனன்குடா. கல்ஓயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாயையும் தம்பலகாமத்தையும் கடந்து வரும் புகையிரதப் பாதை அக்கரை வழியாகவே 1927 இல் திருகோணமலையை வந்தடைந்தது. இப்பாதையைச் சிற்றுருவிற் படைக்க முனையும் ஒருவர் எவ்விடர்களை எதிர்கொள்வார், அவருக்குக் கழகம் ஒன்று எவ்வகையில் உதவும் என்னும் வினாக்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். பல்கலைக்கழக ஏடொன்றில் விளையாட்டுப் பொருளுக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை அப்பொழுதுபோக்கின் வரலாற்றிலேயே உண்டு.

1891 இல் ஜேர்மனியின் மார்க்ளின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் நியமப்படுத்திய பாதையகலங்களையுடைய விளையாட்டுப் புகையிரதங்களை முன்வைத்தது. இன்று ஓர் எஞ்சினை வாங்கியவர் அடுத்த ஆண்டு அதனோடு பொருந்தும் பெட்டியையும் தண்டவாளத்தையும் வாங்கலாம் என்பதே அதன் புதுமை. விளையாட்டுப் பொருளைத் தொடர் முயற்சியாக மாற்றியது இவ்வளவு நியமமே எனலாம். பொருள் தொடர்ந்தபோது அதனைப் பேணுவோரும் ஒன்றுகூடினர். 1910 டிசம்பரில் இலண்டனில் மாதிரிப் புகையிரதக் கழகம் அமைக்கப்பட்டது. இவ்வகைக் கழகங்களுள் அதுவே மிகப் பழமையானது. 1935 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரிற் கூடிய ஆர்வலர், தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கத்தை நிறுவி, ஒருவர் செய்த பெட்டி மற்றொருவரின் பாதையிலும் தடம்புரளாது ஓடுதற்கான விதிகளை வகுத்தனர்.

கழகம் தருவது முதற்கண் இடம். ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் அளவுத்திட்டத்தில் ஒரு மைல் 21 மீற்றருக்கு நீளும். எந்த வீட்டு அறை அதனைக் கொள்ளும்? அடுத்தது கைத்திறன்களின் சேர்க்கை. தச்சு வேலை தெரிந்தவர் மேசையை அமைக்க, மின்னியல் கற்றவர் கம்பிகளை இணைக்க, ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவர் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளை எங்ஙனம் கடத்துவது எனக் கற்பிக்கலாம். வயதும் தொழிலும் வேறுபட்டோர் ஒரே மேசையைச் சூழ்ந்து நிற்கும் இடங்கள் நம் சமூகத்தில் மிகச் சிலவே.

இவ்விடத்து அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து மாணவர் 1946 இல் தொடங்கிய கழகத்தைக் குறிப்பிடாது செல்ல இயலாது. அதன் உறுப்பினருட் சிலர் மேசையின் மேல் மலையும் மரமும் அமைத்தனர். சிலர் மேசையின் கீழ்த் தொலைபேசி நிலையங்களிற் பயன்படும் மின்தொடுப்பிகளைக் கொண்டு கைகாட்டிகளையும் மின்னோட்டத்தையும் ஆளும் வலையமைப்பைப் பின்னினர். 1950களின் இறுதியில், நிறுவகத்திற்கு வந்த கணினிகளை நாடிச் சென்றோர் மேசையின் கீழிருந்த இவர்களே. ஹாக் என்னும் சொல் கணினி உலகில் வழங்கும் பொருளைப் பெற்றதும், 1962 இல் ஸ்பேஸ்வோர் என்னும் முன்னோடிக் கணினி விளையாட்டு உருவானதும் இவ்வட்டத்திலேயாம். மாதிரிப் புகையிரதத்துக்குப் பெருமை தேடுவோர் இதனையே எடுத்துரைப்பர். ஆயினும் இது ஒரு பக்கவிளைவு. கணினியைச் சொல்லித்தான் இப்பொழுதுபோக்கை நியாயப்படுத்த வேண்டும் என நான் கருதவில்லை.

வரலாற்று மாணவர் மனங்கொள்ள வேண்டிய சான்று இங்கிலாந்தின் பென்டன் அருங்காட்சியகமாகும். அவுஸ்திரேலியாவிற் பிறந்து 1925 இல் இங்கிலாந்து சென்ற ரோய் இங்கிலன்ட், தாம் கண்ட பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த பழங்குடில்கள் ஒவ்வொன்றாக உருமாறி அழிவதைக் கண்டு வருந்தினார். வருந்தியதோடு அமையாது அவற்றை அளந்தார், வண்ணங்களைக் குறித்தார், சிற்றுருக்களைப் படைக்கத் தலைப்பட்டார். 1954 இல் அருங்காட்சியகமாக உருப்பெற்ற அம்முயற்சி, அவர் மறைந்த பின்னரும் தன்னார்வலர் கூட்டத்தால் தொடர்கின்றது. 1920, 1930களின் நாட்டுப்புறம் அங்கே புகையிரதப் பாதையோடு மேசைமீது நிலைபெற்றிருக்கின்றது. ஒருவர் ஆயுளில் முடியாத பணியைக் கழகம் ஏற்றுக்கொண்டது என்பதே இதிற் கருதத்தக்கது.

நம் நாட்டில் இவ்வாறு அளந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று அளக்கப்படாமலே போயிற்று. 1956 இல் தொடங்கிய யாழ்தேவி ஓடிய வடபாதையில், 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை முற்றாக நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன, நிலையங்கள் இடிபாடுகளாயின. 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியிற் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்தது. வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பழைய மேடையில் நின்று வழியனுப்பியவர்களின் நினைவிலுள்ள சிறு நிலையங்களின் கதவும் கூரையும் கைகாட்டியும் எவ்வளவின, எந்நிறத்தன என்று கேட்டால், கேட்கப்படுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறுவர். கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகம் பழைய எஞ்சின்களைக் காக்கின்றது. ஆனால் ஒரு நிலையத்தின் பொருட்கொட்டிலையும் அதன் அருகே நின்ற வேம்பையும் அங்கே கொண்டுசெல்ல முடியாது.

திருகோணமலைப் பாதைக்குத் திரும்புவோம். கடையில் விற்கும் எதுவும் அதற்குப் பொருந்தாது என்பதே முதல் இடர். நமது அகலப் பாதை 5 அடி 6 அங்குலம். ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் திட்டத்தில் அது 22 மில்லிமீற்றர். கடையிற் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர் அகலமுடையது. நமது வண்டியை அதன்மேல் நிறுத்தினால் அதன் கால்கள் காற்பங்கு ஒடுங்கிவிடும். பிரித்தானியருக்கும் இவ்விடர் சிறிதளவு இருந்தது. அந்நாளைய மின்மோட்டார் சிறிய எஞ்சினுக்குள் அடங்காமையால் எஞ்சினைப் பெரிதாக்கிப் பாதையை மட்டும் மாற்றாது விட்டனர். அதனை ஏற்காதோர் 18.83 மில்லிமீற்றர் அகலத்தைக் கணித்து, சக்கரங்களைத் தாமே செய்து, சங்கங்கள் அமைத்து அளவுவிதிகளை அச்சிட்டனர். 22 மில்லிமீற்றர்ப் பாதைக்கும் இதுவே வழி. சக்கர அச்சினைக் கடையுமாறு பட்டறைக்காரர் ஒருவரைத் தனியொருவர் வேண்டினால் அவர் சிரிப்பார். இருபது பேருக்கு நாற்பது அச்சுகள் வேண்டும் எனின் விலை பேசுவார்.

இரண்டாம் இடர் ஆண்டு பற்றியது. இதுவே எனக்கு மிகுந்த சுவை தருவது. கல்ஓயாவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் வரும் பாதையை முழுதாக அமைக்க 900 மீற்றருக்கு மேல் வேண்டும். ஆகவே ஒரு நிலையத்தையும் ஒரு காலத்தையும் தெரிந்தெடுத்தல் தவிர்க்கவியலாதது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கிய காலமாயின், நீராவி எஞ்சினும் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் வேண்டும். கனடா மாகாணங்களின் பெயர் பூண்டு அல்பேட்டா, ஒன்ராறியோ என வழங்கிய டீசல் எஞ்சின்கள் இலங்கைக்கு வரத்தொடங்கியது 1954 இல். பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957 இல். ஆகவே கனேடிய எஞ்சினும் பிரித்தானியரின் தளமும் ஒரே மேசையிற் சேர்ந்து நிற்கத்தக்கது அந்த மூன்றாண்டு இடைவெளியில் மட்டுமே. அதில் இன்றைய பிறீமா மாவாலையை வைத்தால் அது பிழை. இத்தகைய வாதங்கள் கழக மேசையைச் சுற்றி எழும்போது, அவை நமது விரிவுரை மண்டபங்களிற் காலவரன்முறை பற்றி எழும் வாதங்களினின்றும் பெரிதும் வேறுபடுவன அல்ல.

தொடங்க வேண்டியது அளவுநாடாவோடு. மேடையின் நீளம், கூரையைத் தாங்கும் தூண்களின் இடைவெளி, சிலிப்பர்களின் இடைவெளி ஆகியவற்றை இரு மாணவர் ஒரு காலைப்பொழுதிற் குறித்துவிடலாம். ஓய்வுபெற்ற சாரதிகளையும் நிலைய ஊழியரையும் கண்டு கேட்பதற்குக் கூடிய காலம் செல்லும். ஆனால் நம்மூரில் அளவுநாடாவும் குறிப்பேடுமாகப் புகையிரத நிலையத்திலோ துறைமுக ஓரத்திலோ திரியும் இளைஞரை ஐயத்தோடு நோக்கிய காலத்தின் சாயல் இன்னும் முற்றாக நீங்கிற்றில்லை. அனுமதிக் கடிதம் ஒன்றைத் தன் பெயராற் கேட்பதிலும் ஒரு கழகத்தின் பெயராற் கேட்பது எளிது.